மலை ஓடிப்போகாது!

விடுமுறையில் முதுகுப் பையுடன் கிளம்பும் குடும்பங்களுக்குச் சில யோசனைகள்

அரையாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு. இனிப் பிள்ளைகளின் கால்கள் வீட்டில் நிற்குமா?

"அப்பா, எங்கேயாவது மலைக்குப் போகலாம்!" என்கிறான் மகன்.

"இல்லை, கடலுக்குப் போகலாம்!" என்கிறாள் மகள்.

"மழை வந்தால் என்ன செய்வது?" என்று கவலைப்படுகிறாள் அம்மா.

அப்பா சிரிக்கிறார். "கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை. பழமொழி தெரியாதா? இப்போது மார்கழி! பையைக் கட்டு!" என்கிறார்.

பழமொழி நல்ல பழமொழிதான். பல ஆண்டுகளில் அது பலிக்கவும் செய்கிறது. ஆனால் எல்லா ஆண்டும் பலிக்குமா?

பலிக்காது! அதற்கு இரண்டு தேதிகள் சாட்சி.

1964-ம் ஆண்டு டிசம்பர் 22-ம் தேதி இரவு. மார்கழி பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அன்றுதான் தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரெயிலைக் கடல் அலை விழுங்கியது. தனுஷ்கோடி என்ற ஊரே அழிந்தது.

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி அதிகாலை. அப்போது மார்கழி பாதி ஆகிவிட்டது. அன்று 'தானே' புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை கடந்தது. பண்ருட்டிப் பக்கத்துப் பலா மரங்களும் முந்திரித் தோப்புகளும் வேரோடு சாய்ந்தன.

இரண்டும் மார்கழி நாட்கள்! வானத்துக்கு நம்முடைய விடுமுறை தெரியாது.

அப்படியானால் வீட்டிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? வேண்டாம். போகலாம். தயாராகப் போகலாம். திரும்பி வரவும் தயாராகப் போகலாம். அது எப்படி என்று பார்ப்போம்.

மார்கழியில் மழை ஏன்?

வட நாட்டில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். நம் கிழக்குக் கடற்கரையில் கதை வேறு. இங்கே பெரிய மழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. இதுதான் வடகிழக்குப் பருவமழை.

அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. வங்காள விரிகுடாவைத் தாண்டி வரும்போது கடல் நீரின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கரைக்கு வந்ததும் மழையாகக் கொட்டுகிறது. சென்னை, செங்கல்பட்டு போன்ற கடலோரப் பகுதிகளில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான் கிடைக்கிறது.

டிசம்பர் கடைசியில் மழை குறைவது உண்மை. குறைவது வேறு, நின்றுபோவது வேறு. காலையில் வெயில், பகலில் மேகம், மாலையில் மழை, மறுநாள் விடியலில் பனி! ஒரே நாளில் நான்கு முகம் காட்டும் வானம் இது.

பழகுவதற்கு ஒரு நல்ல வழி

எடுத்த எடுப்பில் பெரிய மலைக்குப் போகாதீர்கள். முதலில் சிறிய மலையில் பழகுங்கள்.

அதற்கு ஏற்ற இடம் சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சுமார் 14 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் சுமார் 15 கிலோமீட்டர். இரண்டு நாளில் நடந்துவிடலாம். வழியில் ஏரி உண்டு, மலை உண்டு. முடிவில் கடலும் உண்டு.

இன்னொரு பெரிய வசதி, வழி நெடுகப் பஸ் ஓடுகிறது. மழை பிடித்துக்கொண்டால் கை காட்டி ஏறிவிடலாம். திரும்பும் வழி இருக்கிற இடத்தில் பழகியவர்தான், அந்த வசதி இல்லாத மலையில் தைரியமாக நடக்க முடியும்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பா, அம்மா, பத்தாவது படிக்கும் மகன், ஆறாவது படிக்கும் மகள். குடும்பம் கற்பனை. ஆனால் அவர்கள் போகும் வழி உண்மை. அவர்கள் பார்க்கும் வானமும் உண்மை.

முதலில் வானத்தைக் கேளுங்கள்

கிளம்புவதற்கு முதல் நாள் இரவு அம்மா டெலிவிஷன் செய்தியைப் பார்க்கிறாள். செங்கல்பட்டு மாவட்டத்துக்கு 'மஞ்சள் எச்சரிக்கை' என்கிறார்கள்.

இந்த நிறங்களுக்கு என்ன பொருள்?

பச்சை என்றால் எச்சரிக்கை எதுவும் இல்லை.

மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள். கனமழை பெய்யலாம்.

ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள். மிகக் கனமழை பெய்யலாம்.

சிவப்பு என்றால் உடனே பாதுகாப்புத் தேடுங்கள். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டலாம்.

இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. அன்று கப்பல்காரர்களும் துறைமுகத்தாரும்தான் அதன் எச்சரிக்கைக்குக் காத்திருந்தார்கள். இன்று செல்போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது கிடைக்கிறது. பத்திரிகையில் வருகிறது. ரேடியோவில் சொல்கிறார்கள். கேட்காமல் கிளம்பினால் குற்றம் நம்முடையதுதான்.

ஆரஞ்சு, சிவப்பு நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கடற்கரைப் பக்கம் தலை வைத்துப் படுக்காதீர்கள்.

மஞ்சள் என்றால் போகலாம். ஆனால் ஒரு கண் வழியில், ஒரு கண் வானத்தில் இருக்க வேண்டும். நம் குடும்பம் அப்படித்தான் கிளம்புகிறது.

பைக்குள் என்ன?

பையைத் தூக்கிப் பார்க்கிறார் அப்பா. அம்மாடி! என்ன கனம்!

சுமைக்கு ஒரு கணக்கு உண்டு. பெரியவர்களின் பை, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவர் 12 கிலோவுக்கு மேல் சுமக்க வேண்டாம். பிள்ளைகளுக்குப் பத்தில் ஒரு பங்கு போதும்.

பையை அடுக்குவதிலும் முறை இருக்கிறது. கனமான சாமான்கள் முதுகை ஒட்டி, நடுவில் இருக்கட்டும். படுக்கை விரிப்பு அடியில் போகட்டும். மழைக்கோட்டு எப்போதும் மேலே இருக்க வேண்டும். மழை வந்த பிறகு பையைத் தலைகீழாகக் கொட்டித் தேடுவதில் என்ன பயன்?

மாற்றுத் துணிகளை நீர் புகாத உறையில் போட்டுக் கட்டுங்கள். தீப்பெட்டி, டார்ச் லைட், செல்போன் ஆகியவற்றுக்கும் அப்படியே. பை நனையலாம், உள்ளே இருப்பது நனையக்கூடாது.

உணவுக்குப் புளியோதரை கெடாது. அவல், பொட்டுக்கடலை, வெல்லம், கடலை மிட்டாய் ஆகியவை கனமில்லாத பலம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் வேண்டும். குளிர் காலத்தில் தாகம் தெரியாது. ஆனால் நடக்கிற உடம்புக்குத் தண்ணீர் தேவை.

வயிற்றுப்போக்கு வந்தால் பயப்பட வேண்டாம். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து அடிக்கடி கொடுங்கள். அளவு தப்பக்கூடாது.

மருந்துப் பஞ்சு, கட்டுத்துணி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் ஆகியவையும் இருக்கட்டும். கடைசியாக, ஆளுக்கு ஒரு விசில்!

"விசில் எதற்கு அம்மா?" என்று கேட்கிறாள் மகள்.

மலையில் வழி தவறினால் கத்திக் கத்தித் தொண்டை வற்றிவிடும். விசில் சத்தம் வெகு தூரம் கேட்கும். ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊத வேண்டும். பிறகு ஒரு நிமிடம் நிறுத்த வேண்டும். மறுபடி ஆறு முறை ஊத வேண்டும். உலகமெங்கும் மலை ஏறுகிறவர்களுக்கு 'ஆபத்து' என்பதைச் சொல்லும் அடையாளம் இது.

முதல் நாள்: ஏரியும் சாலையும்

விடியற்காலை. செங்கல்பட்டு ரெயில் நிலையத்தில் இறங்குகிறது குடும்பம். பக்கத்திலேயே கொளவாய் ஏரி. தண்ணீர் மேல் பனி மெல்ல நகர்கிறது. ஸ்வெட்டர் போட்டிருந்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் உதிக்கவே ஏறத்தாழ காலை ஆறரை மணி ஆகிவிடும். மாலை ஆறு மணிக்கு முன்பே மறைந்துவிடும். பகல் பொழுது குறைவு. அதனால் சீக்கிரம் கிளம்ப வேண்டும், சீக்கிரம் முடிக்க வேண்டும்.

பனி மூடிய சாலையில் லாரிக்காரருக்கு உங்களைத் தெரியாது. வெள்ளை அல்லது பளிச்சென்ற நிறத்தில் உடை உடுத்துங்கள். சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். ஒருவர் பின் ஒருவராகச் செல்லுங்கள்.

எட்டு மணிக்கு வெயில் வந்துவிடுகிறது. ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். இதுவும் ஒரு பாடம். ஒரே ஒரு தடித்த உடையைவிட, மெல்லிய உடைகள் இரண்டு மூன்று நல்லது. வேர்க்கும்போது ஒன்றைக் கழற்றலாம். குளிரும்போது ஒன்றைப் போடலாம்.

மணிக்கு ஒரு முறை பத்து நிமிடம் ஓய்வு. வேகம் வேண்டாம். கடைசிப் பிள்ளையின் நடைதான் குடும்பத்தின் நடை.

நண்பகலில் திருக்கழுக்குன்றம் வந்தாயிற்று!

கழுகு வந்த மலை

ஊர் நடுவே எழுந்து நிற்கிறது வேதகிரி. சுமார் 500 அடி உயரம். ஐநூறுக்கு மேற்பட்ட படிகள். உச்சியில் வேதகிரீசுவரர் கோயில். அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயில். அருகே சங்கு தீர்த்தம்.

இந்த மலைக்குப் பெயர் தந்தவை இரண்டு கழுகுகள். நாள்தோறும் நண்பகலில் பறந்து வந்து, கோயிலில் வைக்கும் உணவை உண்டு செல்லும். அதைப் பார்க்கவே தூர தூரத்திலிருந்து மக்கள் வருவார்கள். இப்போது அவை வருவதில்லை.

வேறொரு விருந்தாளியைப் பற்றியும் ஊரார் சொல்வார்கள். இந்திரன் இடியாக வந்து இந்த மலைமேல் உள்ள இறைவனை வணங்குகிறான் என்பது ஐதீகம். இடி விமானத்தின் வழியே உள்ளே இறங்கும் என்பார்கள்.

நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். அதற்குள் ஒரு அனுபவமும் இருக்கிறது. சுற்றிலும் சமவெளி, நடுவில் உயர்ந்த மலை. இடி எங்கே விழும்? உயரமான இடத்தில்தானே! இதைப் பெரியவர்கள் அன்றே கண்டிருக்கிறார்கள்.

"உச்சி தெரியுதே அப்பா!"

மாலை மூன்று மணி. குடும்பம் படியேறத் தொடங்குகிறது. மகன் முன்னால் ஓடுகிறான்.

நூறு படி ஏறியிருப்பார்கள். காற்றின் திசை மாறுகிறது. சட்டென்று குளிர்கிறது. வடகிழக்கே மேகம் மை போலக் கறுத்து வருகிறது. தூரத்தில் ஒரு மின்னல்!

மார்கழியில் இடி குறைவுதான். ஐப்பசியில் போல அடிக்கடி வராது. வரவே வராது என்று யார் சொல்ல முடியும்?

படி ஓரத்தில் பூ விற்கும் பாட்டி கூடையை மூடிக்கொண்டு எழுகிறாள்.

"தம்பி, இடி இடிக்குது. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு மேலே போகாதீங்க" என்கிறாள்.

"இன்னும் கொஞ்சம்தானே! உச்சி தெரியுதே அப்பா!" என்று கெஞ்சுகிறான் மகன்.

அப்பா தயங்குகிறார். இத்தனை தூரம் நடந்து வந்தாயிற்று. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. பாதி வழியில் இறங்கினால் கேலி செய்யமாட்டார்களா?

பாட்டி சிரிக்கிறாள். "கண்ணு, மலை எங்கேயும் ஓடிப்போகாது. நாளைக்கும் இங்கேதான் இருக்கும்!"

அவ்வளவுதான். அப்பா திரும்புகிறார். எல்லோரும் இறங்கி, அடிவாரத்தில் ஒரு வீட்டுக்குள் ஒதுங்குகிறார்கள். அடுத்த கால் மணி நேரத்தில் மழை கொட்டுகிறது. படிகளில் தண்ணீர் அருவி போல ஓடுகிறது!

அந்தப் படியில் சின்னப் பெண் நின்றிருந்தால்? நினைக்கவே நடுக்கமாக இருக்கிறது.

மின்னலுக்கும் இடிக்கும் கணக்கு

மின்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணத் தொடங்குங்கள். இடி கேட்டதும் நிறுத்துங்கள். ஒலி ஒரு கிலோமீட்டர் தூரம் வருவதற்கு ஏறத்தாழ மூன்று விநாடி ஆகும். ஒன்பது எண்ணினால் மின்னல் மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது என்று பொருள்.

முப்பதுக்குள் இடி கேட்டுவிட்டால் ஆபத்து அருகில் வந்துவிட்டது. உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்ட பிறகும் அரை மணி நேரம் வெளியே வராதீர்கள்.

தனி மரத்தின் கீழ் ஒதுங்காதீர்கள். ஒற்றைப் பனைமரம் கண்ணுக்கு அழகு, மின்னலுக்கு இலக்கு! மலை உச்சியிலும் வெட்டவெளியிலும் ஏரிக் கரையிலும் நிற்காதீர்கள். ஒதுங்க இடமே இல்லையா? பள்ளமான இடத்தில் கால்களைச் சேர்த்து வைத்துக் குந்தி உட்காருங்கள். தரையில் படுக்க வேண்டாம். கூட்டமாக நிற்காமல் தள்ளித் தள்ளி இருங்கள்.

இடி வருவதை முன்கூட்டிச் சொல்வதற்கு 'தாமினி' என்ற செல்போன் செயலியும் இருக்கிறது.

மறுநாள் காலை

பாட்டி சொன்னது பொய்யாகுமா? மலை அங்கேயே இருக்கிறது! மழையில் குளித்துப் பளபளவென்று நிற்கிறது.

அவசரப்படாமல் ஏறுகிறார்கள். மார்கழிப் பனியும் இரவு மழையும் சேர்ந்து கல் வழுக்குகிறது. வெயில் கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்து, கைப்பிடியைப் பற்றி ஏறுகிறார்கள். இறங்கும்போதுதான் அதிகமாக வழுக்கும் என்பதையும் மறக்கவில்லை.

உச்சியிலிருந்து பார்த்தால் கோபுரங்களும் குளமும் பொம்மை போலத் தெரிகின்றன. மகனுக்குப் பெருமை தாங்கவில்லை!

மலைச் சரிவில் ஒரு குடைவரை மண்டபம் இருக்கிறது. பல்லவர் காலத்தது. ஒருகல் மண்டபம் என்று பெயர். அதன் சுவரில் டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்துக் கடற்கரையில் வாணிபம் செய்தவர்கள், 17-ம் நூற்றாண்டில் இங்கே வந்து மலை ஏறிய அடையாளம் அது! உல்லாசப் பயணம் புதிய பழக்கமல்ல என்று தெரிகிறது அல்லவா? ஆனால் பெயர் வெட்டும் பழக்கம் மட்டும் நமக்கு வேண்டாம்.

கடற்கரையில் ஒரு பாடம்

அன்று மாலை மாமல்லபுரம். கடற்கரைக் கோயிலைப் பார்த்ததும் நடந்த களைப்பெல்லாம் பறந்துவிடுகிறது.

மகள் அலையைப் பார்த்து ஓடுகிறாள். வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் கையை நீட்டி மறிக்கிறார்.

"பாப்பா, காத்து சரியில்லே. நாங்களே இன்னிக்குக் கடலுக்குப் போகலே. நீ இறங்கலாமா?"

கடலில் பிறந்து வளர்ந்தவர் சொல்கிறார். அதற்கு மேல் எந்தச் சான்று வேண்டும்? படகுகள் கரையில் ஏற்றிக் கிடந்தால் கடல் சரியில்லை என்று பொருள். படிக்கத் தெரியாதவரும் படிக்கக்கூடிய எச்சரிக்கைப் பலகை அது!

இந்தக் கடற்கரை பார்த்த புயல்கள் பல. 2022-ம் ஆண்டு டிசம்பர் 9-ம் தேதி இரவு 'மாண்டஸ்' புயல் மாமல்லபுரம் அருகேதான் கரை கடந்தது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. கடலோர மக்கள் முகாம்களுக்குச் சென்றார்கள்.

2016-ம் ஆண்டு டிசம்பர் 12-ம் தேதி 'வர்தா' புயல் சென்னை அருகே கரை கடந்தது. காற்று பேயாக வீசியது. நடுவில் சிறிது நேரம் ஓய்ந்தது. 'புயல் போய்விட்டது' என்று நினைக்கத் தோன்றும் நேரம் அது. ஆனால் போய்விடவில்லை! புயலின் நடுப்பகுதியான 'கண்' கடந்துகொண்டிருந்தது. பிறகு எதிர்த்திசையிலிருந்து காற்று மறுபடி வீசியது. ஆகவே காற்று சட்டென்று நின்றால் நம்பி வெளியே வராதீர்கள்.

இன்னொன்றையும் இந்தக் கரை மறக்காது. 2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை. சுனாமி வருவதற்கு முன் கடல் உள்வாங்கியது. நீருக்குள் இருந்த பாறைகள் வெளியே தெரிந்தன. பார்ப்பதற்கு அதிசயம். ஆனால் அந்த அதிசயத்தைத் தொடர்ந்து ராட்சத அலை வந்தது. கடல் வழக்கத்துக்கு மாறாகப் பின்வாங்கினால் வேடிக்கை பார்க்க வேண்டாம். மேட்டை நோக்கி ஓடுங்கள்!

நம் குடும்பம் கடலில் இறங்கவில்லை. கலங்கரை விளக்கம் இருக்கும் குன்றுப் பக்கம் போய்ச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறுகிறது.

"அடுத்த முறை பெரிய மலை!"

பஸ்ஸிலேயே அடுத்த திட்டம் தயார். "அடுத்த விடுமுறைக்கு ஊட்டி!" என்கிறான் மகன்.

போகலாம். ஆனால் பெரிய மலையில் கணக்கு மாறும்.

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் உஷ்ணம் சுமார் 6 டிகிரி குறையும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மாமல்லபுரத்தைவிட அங்கே ஏறத்தாழ 13 டிகிரி குளிர் அதிகம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புல்வெளியில் உறைபனி விழும்.

அங்கே பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாது. உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். எனவே உள்ளே மெல்லிய உடை, நடுவே கம்பளி, வெளியே மழைக்கோட்டு வேண்டும். தலைக்குக் குல்லாய், மாற்றுக் காலுறை இரண்டு ஜோடி அவசியம்.

குளிரும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் உடம்பு விறைக்கும். முதலில் நடுக்கம். பிறகு பேச்சுக் குழறும், நடை தள்ளாடும், தூக்கம் வரும். இது ஆபத்தான தூக்கம்! உடனே ஈர உடையை மாற்றுங்கள். உலர்ந்த போர்வையால் போர்த்துங்கள். நினைவு தெளிவாக இருந்தால் சூடான, இனிப்பான பானம் கொடுங்கள். மது கொடுக்கவே கூடாது. 108-க்குச் சொல்லி டாக்டரிடம் கொண்டு செல்லுங்கள்.

மலை ஓடைகளையும் நம்பாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே காட்டில் மழை கொட்டியிருக்கும். 2024-ம் ஆண்டு மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் பாய்ந்தது. 17 வயதுப் பையன் ஒருவனை அது கொண்டுபோய்விட்டது. தண்ணீர் கலங்கி வந்தாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரை ஏறிவிடுங்கள்.

அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகவே போகாதீர்கள். 2018-ம் ஆண்டு மார்ச் 11-ம் தேதி தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீ பரவியது. மலையேறப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கோடையின் காய்ந்த புல்லும் வேகமான காற்றும் சேர்ந்தால் தீயை முந்தி ஓட மனிதனால் முடியாது. மழைக்கு ஒரு காலம் போலத் தீக்கும் ஒரு காலம் உண்டு.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-ம் ஆண்டு அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 40 மலைப் பாதைகளைக் குறித்திருக்கிறார்கள். முன்பதிவு செய்தால், வழி தெரிந்த வழிகாட்டியுடன் போகலாம். அவர் 'போதும், திரும்புவோம்' என்றால் மறுபேச்சுப் பேசாதீர்கள்.

திரும்பியவர்கள் கோழைகளா?

திரும்பி வருவது அவமானம் என்று நினைக்கிறீர்களா? இமயமலைக் கதை ஒன்றைக் கேளுங்கள்.

எவரெஸ்டை முதலில் வென்றவர்கள் டென்சிங்கும் ஹிலாரியும். நாள் 1953-ம் ஆண்டு மே 29. இது எல்லோருக்கும் தெரியும்.

அதற்கு மூன்று நாள் முன்பு, மே 26-ம் தேதி, அதே குழுவைச் சேர்ந்த வேறு இருவர் உச்சியை நோக்கிப் போனார்கள். அவர்கள் பெயர் பூர்டிலான், எவான்ஸ். உச்சிக்கு இன்னும் சுமார் 300 அடிதான் பாக்கி! கண்ணுக்கு எதிரே சிகரம்! அதுவரை அந்த மலையில் அவ்வளவு உயரம் எவரும் ஏறியதாகப் பதிவில்லை.

ஆனால் நேரம் கடந்துவிட்டது. பிராணவாயுக் கருவியிலும் கோளாறு. மேலே போனால் உயிரோடு இறங்க முடியாது என்று தெரிந்தது. இருவரும் திரும்பினார்கள்!

அவர்கள் கோழைகளா? இல்லை. அவர்கள் உயிரோடு வந்தார்கள். அவர்கள் பார்த்து வந்து சொன்ன பாதையில்தான் டென்சிங்கும் ஹிலாரியும் ஏறினார்கள்.

300 அடி பாக்கியிருக்கும்போது எவரெஸ்டிலேயே திரும்பலாம் என்றால், வேதகிரியில் நூறாவது படியிலிருந்து திரும்புவதில் என்ன வெட்கம்?

கிளம்பும் முன் ஒரு முறை படியுங்கள்

வானிலை எச்சரிக்கையைக் கேட்டீர்களா?

எங்கே போகிறீர்கள், எப்போது வருவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்தீர்களா?

மழைக்கோட்டு, உலர்ந்த மாற்றுத் துணி, டார்ச் லைட், விசில், தண்ணீர் எல்லாம் இருக்கின்றனவா?

எத்தனை மணிக்குத் திரும்புவது என்று முன்கூட்டியே முடிவு செய்தீர்களா? உச்சியைத் தொட்டாலும் தொடாவிட்டாலும் அந்த மணிக்குத் திரும்பியாக வேண்டும்.

ஆபத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்கள் தெரியுமா? மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070. ஆம்புலன்ஸ் 108. பிள்ளைகளுக்கும் மனப்பாடமாக இருக்கட்டும்.

போட்ட குப்பையைத் திருப்பி எடுத்து வரப் பை வைத்திருக்கிறீர்களா?

எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்றால் புறப்படுங்கள். பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். பனியைப் பார்க்கட்டும். மேகத்தைப் படிக்கட்டும். நடக்கப் பழகட்டும்.

வழியில் வானம் கறுத்தால் வருத்தப்படாமல் திரும்பி வாருங்கள். அந்தப் பூக்காரப் பாட்டி சொன்னது நினைவிருக்கட்டும்.

மலை ஓடிப்போகாது. நாம் பத்திரமாக இருந்தால், அடுத்த விடுமுறையிலும் ஏறலாம்!